அக்காவை மெலிய வைக்கும் சாஃப்ட்வேர்

"மிஸ், எங்க அக்கா எங்கூட பேச மாட்டேங்கா. எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?"

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே ஆவுடையப்பன் கேட்டுவிட்டார்.

எஸ்தர் மிஸ் பப்பாளிப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தவில்லை.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க சார்."

பாளையங்கோட்டையில் கேமராவில் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். எடுக்க ஆசைப்படுகிறவர்கள் அதைவிட நிறைய. இந்த இரண்டாவது கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள எஸ்தர் மிஸ் வீட்டு மாடியில் கூடும். அவருக்கு வயது முப்பத்து மூன்றுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

காவி இல்லை, தாடிக்கு வழியே இல்லை, கட்டணமும் இல்லை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. ஆகவே குரு என்றே வைத்துக்கொள்வோம்.

சீடர் ஆவுடையப்பன் டைல்ஸ் கடையில் விற்பனையைக் கவனித்துக்கொள்கிறவர். நாற்பதைத் தாண்டியவர். கழுத்தில் கேமரா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. குளிக்கும்போதாவது கழற்றுவார் என்று நம்புகிறேன்.

"இப்பம் சொல்லுங்க. அக்கா ஏன் பேசல?"

"புது வீட்டுக்குப் பால் காச்சுனோம்லா மிஸ், அன்னைக்கு எல்லாரையும் நிக்க வச்சு ஒரு படம் எடுத்தேன். கூட்டம் அடங்கல. லென்ஸ எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரிச்சு எடுத்தேன். அக்கா ஓரத்துல நின்னா. ஓரத்துல இழுத்து விட்டுருச்சு. ஆளே இரண்டு மடங்கு அகலமா விழுந்துட்டா."

"அதுக்கா பேசல?"

"அதுக்குத்தான். வேற என்ன இருக்கு? போன எடுக்க மாட்டேங்கா. பிள்ளைக்குப் பேரு வைக்க வரமாட்டேன்னு அத்தான் மூலமா சொல்லி அனுப்பிட்டா."

ஆவுடையப்பனின் குரல் இந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது.

"கல்யாணமாகி எத்தனையோ வருசம் கழிச்சுப் பிறந்த பிள்ளை மிஸ். எங்க வீட்டு வழக்கம், அத்தைக்காரிதான் மடியில வச்சு காதுல பேரச் சொல்லணும். எனக்குக் கூடப் பிறந்தது அவ ஒருத்திதான். ஆவணி பிறந்ததும் பேரு வைக்கணும். அதுக்குள்ள அந்தப் படத்தச் சரி பண்ணி அவகிட்ட காட்டிட்டேன்னா கோவம் போயிரும்."

குரு ஒரு துண்டு பப்பாளியை நீட்டினார். சீடர் அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"மூணு சாஃப்ட்வேர் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு மாசா மாசம் வாடகை. இன்னொண்ணு ஒரே தடவை வாங்கிப் போட்டுக்கிடலாம். இன்னொண்ணு சும்மாவே கிடைக்கு. லென்ஸ் பண்ணுற கோளாறு எல்லாத்தையும் நிமித்திருமாம். இந்த மூணுல நல்லது எது மிஸ்?"

குரு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பில் துடைத்தார். எழுந்து வந்து அதை ஆவுடையப்பனின் மூக்கில் மாட்டினார்.

"ரொம்ப நல்ல கண்ணாடி சார். டாக்டர் பாத்துப் பாத்து எழுதிக் குடுத்தது. இதப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

ஆவுடையப்பன் வாசலை நோக்கி நடந்தார். கதவு என்று நினைத்துச் சுவரைத் திறக்கப் பார்த்தார்.

"தல சுத்துது மிஸ்."

"அப்பம் இது மோசமான கண்ணாடியா?"

"இல்ல மிஸ். இது உங்க கண்ணுக்கு..."

குரு கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பப்பாளிக்குத் திரும்பினார்.

ஆவுடையப்பன் தன் லென்ஸைக் கழற்றி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வாங்கிய நாளிலிருந்து அதன் வழியாக ஊரையே பார்த்திருக்கிறார். அதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"மிஸ், இதுக்கு என்ன கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"உங்க கடையில டைல்ஸ் ஒட்டி வச்ச சுவர் இருக்கா?"

"கடையே அதுதான மிஸ்."

"நேரா நின்னு எடுங்க."

*

மறுநாள் கடை திறந்ததும் ஆவுடையப்பன் சுவருக்கு முன்னால் போய் நின்றார். வெள்ளை டைல்ஸ், கறுப்புக் கோடு. கொத்தனார் நூல் பிடித்து ஒட்டிய சுவர். கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, லென்ஸை விரித்து ஒன்று, சுருக்கி ஒன்று, நடுவில் வைத்து ஒன்று என்று எடுத்துத் தள்ளினார்.

குளியலறைக்கு டைல்ஸ் பார்க்க வந்த ஒரு தம்பதி காத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன சார் பண்ணுதீங்க?"

"கோளாறு பாக்கேன்."

அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

கணினியில் படத்தைத் திறந்த ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரித்து எடுத்த படத்தில் சுவர் பூரி போல உப்பியிருந்தது. மூலைகளில் இருட்டு. கறுப்புக் கோடுகளின் ஓரத்தில் ஊதா நிறத்தில் மெல்லிய கசிவு. சுருக்கி எடுத்ததில் சுவர் உள்ளே ஒடுங்கியிருந்தது. நடுவில் வைத்து எடுத்தது மட்டும் யோக்கியமாக நின்றது.

அதே படத்தை மூன்று மென்பொருளிலும் ஓட்டிப் பார்த்தார். மூன்றையும் கொஞ்ச நாள் சும்மா ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள்.

மாத வாடகைக்காரருக்கு இவருடைய லென்ஸின் பெயரே தெரியவில்லை. ஏதோ ஒரு சொந்தக்கார லென்ஸ் என்று நினைத்து அதற்குரிய வைத்தியத்தை இதற்குச் செய்தது. உப்பிய சுவர் குழிந்துபோனது. ஒரே தடவை வாங்குகிற ஆசாமிக்கு லென்ஸைத் தெரிந்திருந்தது. ஆனால் ஆவுடையப்பனின் கணினியைப் பார்த்ததும், இவ்வளவு பழைய வண்டியில் நான் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. சும்மா கிடைக்கிறது மட்டும் லென்ஸின் பெயரை எழுத்துப் பிசகாமல் சொன்னது. எங்கோ ஒரு தேசத்தில் இதே லென்ஸை வைத்திருக்கும் ஒரு புண்ணியவான் அதன் கோளாறை அளந்து எழுதி வைத்திருக்கிறான். ஒரு தட்டுத் தட்டியதும் சுவர் நிமிர்ந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மாடியேறி வந்தபோது ஆவுடையப்பனின் முகத்தில் முழுப் பௌர்ணமி.

"கண்டுபிடிச்சிட்டேன் மிஸ். நல்ல சாஃப்ட்வேர்னு ஒண்ணு கிடையாது. என் லென்ஸத் தெரிஞ்ச சாஃப்ட்வேர்னு ஒண்ணு இருக்கு."

குரு தலையாட்டினார்.

"இனி அக்காவச் சரி பண்ணிர வேண்டியதுதான்."

குரு தலையாட்டவில்லை. ஆவுடையப்பன் அதைக் கவனிக்கவும் இல்லை.

*

புதுச் சுத்தியல் கையில் வந்தவனுக்கு வீட்டில் ஓர் ஆணிகூட மிஞ்சாது. ஆவுடையப்பன் பழைய படம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மனைவி சண்முகவடிவின் சீமந்தப் படம், மாமனாரின் மொபெட், மேசையில் இருந்த மிக்ஸி, எல்லாவற்றையும் நிமிர்த்தினார்.

இடையில் ஒரு நாள் தென்காசிக்குப் போனார். அக்கா உலகம்மாள் அங்கேதான் இருக்கிறாள். கதவைத் தட்டினார்.

"வீட்டுல ஆள் இல்ல," என்று உள்ளேயிருந்து அக்காவே சொன்னாள்.

"அக்கா, நாந்தான்."

"அதான் சொல்லுதேன், ஆள் இல்லன்னு."

வெளியே நின்றுகொண்டே இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. காலி ஜாரை ஓட்டுகிற சத்தம் தனியாகத் தெரியும். வருத்தத்தோடு பஸ் நிலையம் பக்கம் நடந்தார். வருத்தம் இருந்தாலும் கேமரா இருக்கிறதே. வழியில் கோயில் கோபுரத்தை அண்ணாந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படத்தை அடுத்த ஞாயிறு குருவின் முன்னால் வைத்தார்.

"கோணல எல்லாம் தானா நிமித்துற ஒரு பட்டன் இருக்கு மிஸ். அமுக்கிப் பாத்தேன். எப்படி இருக்கு?"

குரு படத்தைக் கையில் வாங்கினார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தன வீடு வித்துப்போச்சு?"

"மிஸ்?"

"லிப்ட் உண்டா? தண்ணி நல்ல தண்ணியா, போரா?"

ஆவுடையப்பன் படத்தை வாங்கிப் பார்த்தார். கீழே எவ்வளவு அகலமோ மேலேயும் அதே அகலம். கோபுரத்துப் பொம்மைகள் எல்லாம் பால்கனியில் துணி காயப் போட வந்தவர்களாகத் தெரிந்தார்கள்.

"ஐயோ. கோபுரம்னா மேல போகப் போகக் குறுகணும்லா."

"அது எந்த லென்ஸோட கோளாறு?"

"கோளாறு இல்ல மிஸ். அப்படித்தான் கட்டியிருக்கு."

"சாஃப்ட்வேருக்கு அது தெரியுமா?"

"தெரியாது. கோடு சரிஞ்சிருந்தா அதுக்குக் கோணல்தான்."

"நீங்க அண்ணாந்து பிடிச்சதால எவ்வளவு சரிவு? கோபுரத்தோட சரிவு எவ்வளவு?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார்.

"அது நேர்ல பாத்தவனுக்குத்தான் மிஸ் தெரியும்."

"நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அக்கா கதவைத் திறக்காத துக்கத்தில் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதை எப்படிக் குருவிடம் சொல்வது? பப்பாளி சாப்பிட்டார்.

*

ஆடி முடியப் போகிறது. இனித் தாமதிக்க முடியாது என்று ஆவுடையப்பன் ஒரு விடுமுறை நாளில் அந்தக் குடும்பப் படத்தைத் திறந்தார்.

புது வீட்டின் முகப்பு. இரண்டு பக்கமும் தூண். நாற்காலி வரிசை, அதற்குப் பின்னால் நிற்கிறவர்கள் வரிசை. வலது ஓரத்தில் தூணை ஒட்டி உலகம்மாள் அக்கா. தோசைக் கரண்டியை வைத்துவிட்டு ஓடி வந்த கோலம். கன்னம் ஒரு பக்கம், காது ஒரு பக்கம் இழுபட்டு நின்றாள்.

முதலில் லென்ஸின் உப்பலை எடுத்தார். தூண் இரண்டும் நிமிர்ந்தன. ஓரத்தை இழுத்து நிமிர்த்தியதில் அக்கா இன்னும் அகலமானாள்.

ஆவுடையப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தார். சந்தேகமில்லை.

மென்பொருளில் இன்னொரு பொத்தான் இருந்தது. ஓரத்தில் நிற்கும் ஆட்களை இழுபடாமல் ஒடுக்குவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். அதை நகர்த்தினார். அக்கா மெலிந்தாள். அவள் மெலிய மெலியத் தூண் வளைந்தது.

தூணை நிமிர்த்தினார். அக்கா பெருத்தாள்.

அக்காவைச் சுருக்கினார். வீடு சாய்ந்தது.

காப்பி கொண்டுவந்த சண்முகவடிவு தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"என்னங்க இது, புது வீட்ட வளைச்சு வச்சிருக்கீங்க? கொத்தனார் பாத்தார்னா நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்திருவாரு."

"இரண்டும் சேந்து அமையாது போலுக்க வடிவு. வீடா, அக்காவான்னு கேக்கு."

"அதுக்குக் கம்ப்யூட்டர எதுக்குக் கேக்கீங்க?"

சொல்லிவிட்டு அவள் அழுகிற பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆவுடையப்பன் வெகுநேரம் யோசித்தார். வீடு கோபித்துக்கொள்ளாது. அக்கா கோபித்துக்கொள்வாள். ஆகவே அக்காவின் பக்கமே பொத்தானை முழுக்கத் தள்ளினார். தள்ளியதில் கொஞ்சம் கூடுதலாகவே தள்ளிவிட்டார். பாசம்தான். அக்கா கல்லூரிக்குப் போகிற பெண் மாதிரி ஆகிவிட்டாள். தூண் வாழைமரம் போலச் சாய்ந்து நின்றது.

'அக்கா, பாரு' என்று எழுதி அனுப்பினார்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. பார்த்துவிட்டாள். ஆவுடையப்பனுக்கு மனசு துள்ளியது. கொஞ்ச நேரத்தில் குரலாகவே பதில் வந்தது. இத்தனை நாளுக்கு அப்புறம் அக்காவின் குரல்.

அதைக் கேட்டவர் சட்டையைக்கூட ஒழுங்காகப் பொத்தான் போடாமல் குருவின் மாடிக்கு ஓடினார். அன்று ஞாயிறுகூட இல்லை.

*

"மிஸ், இந்த சாஃப்ட்வேர் காணாது. அந்த மாச வாடகைதான் வாங்கணும். அதுல என் லென்ஸ் பேரு இல்லாட்டியும் பரவால்ல, கையால அளந்து போட்டுக்கிடலாமாம்."

"ஏன், என்னாச்சு?"

"அக்காவுக்கு இன்னும் திருப்தி இல்ல. ஓரத்துல இன்னும் சரியாகலையாம்."

"அப்படியா சொன்னாங்க?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்ட வேண்டாம் சார். போடுங்க, கேப்போம்."

ஆவுடையப்பன் போனை மேசையில் வைத்து அமுக்கினார். உலகம்மாளின் குரல் மாடி முழுக்க நிறைந்தது.

"ஏல, என்னைய ஓரங்கட்டுனது காணாதுன்னு, இப்பம் பாதி ஆளா வேற ஆக்கிப்புட்டியால?"

குரு சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொத்தினது போதாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆவுடையப்பனுக்கு ரோஷமாக இருந்தது.

"சிரிக்காதீங்க மிஸ். எனக்கு உயிர் போகுது."

"மன்னிச்சிருங்க சார்." குரு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அக்கா நேர்ல எப்படி இருப்பாங்க?"

ஆவுடையப்பன் தயங்கினார்.

"கொஞ்சம்... பூசினாப்ல இருப்பா."

"கொஞ்சமா?"

"நல்லாவே பூசினாப்ல. அதப் பத்தி அவ கவலப்பட்டதே கிடையாது. ஊர்ல எவனாவது கேலி பண்ணுனா அவளும் சேந்து சிரிப்பா."

சொல்லி முடித்த ஆவுடையப்பனுக்கு ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை.

"படத்தக் காட்டுங்க. திருத்தாதது."

காட்டினார்.

"நடுவுல உக்காந்திருக்கிறது யாரு?"

"எங்க முதலாளி."

"எவ்வளவு நேரம் இருந்தாரு?"

"ஒரு காப்பி குடிக்கிற நேரம். வேற ஒரு விசேசம் இருக்குன்னு அவசரமாப் போயிட்டாரு. அவரு இருக்கும்போதே எடுத்திரணும்னுதான் எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வச்சேன்."

"அக்கா?"

"அவ முந்தின நாளே வந்துட்டா. வீடு கழுவுனது, கோலம் போட்டது, பால் காச்சுனது எல்லாம் அவதான். படம் எடுக்கும்போது உள்ள வந்தவங்களுக்குத் தோசை சுட்டுட்டு நின்னா. கடைசியா ஓடி வந்தா. நாற்காலி நெறஞ்சிருச்சு. நான்தான் 'அக்கா, அந்த ஓரத்துல நின்னுக்கோ, சீக்கிரம்'னு..."

குரு படத்தின் நடுவில் விரலை வைத்தார்.

"முதலாளி அழகா விழுந்திருக்காரே. இவருக்கு என்ன திருத்தம் பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணல மிஸ்."

"ஏன்?"

கேள்வி தொழில் சம்பந்தமானது என்பதால் ஆவுடையப்பனுக்குக் குரலில் தெம்பு வந்தது.

"நடுவுல எந்த லென்ஸும் கோளாறு பண்ணாது மிஸ். ஓசி லென்ஸ்கூட நடுவுல ஒழுங்காத்தான் இருக்கும். இழுக்கிறது, உப்புறது எல்லாம் ஓரத்துலதான். நடுவுல நிக்கவங்களுக்கு எந்த சாஃப்ட்வேரும்..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

கீழே தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. ஆவுடையப்பன் போனை எடுத்து அக்காவின் குரலை இன்னொரு தடவை கேட்டார். காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். அப்புறம் இன்னொரு தடவை.

"ஓரங்கட்டுனதுன்னு சொல்லுதா," என்றார் மெதுவாக.

"ஆமா சார்."

"அவ லென்ஸச் சொல்லுதான்னு நான் நெனச்சேன்."

குரு பப்பாளித் தட்டை அவர் பக்கம் தள்ளினார். ஆவுடையப்பன் ஒரு துண்டும் எடுக்காமல் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது இங்கனயே இருக்கட்டும் மிஸ். தென்காசி பஸ்ஸுக்கு நேரமாச்சு."

*

இந்தத் தடவை கதவு திறந்தேயிருந்தது. உலகம்மாள் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"என்ன, அடுத்த படமா? இந்தத் தடவ என்னைய ஒல்லியாக்கி எடுத்துட்டு வந்திருக்க?"

"படம் இல்லக்கா."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். தம்பியின் கழுத்தைப் பார்த்தாள்.

"கேமராவ எங்கல?"

"கொண்டு வரல."

"உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"இல்லக்கா. பிள்ளைக்குப் பேரு வைக்கணும்."

"வை. உங்க முதலாளியக் கூப்பிடு. நடுவுல நாற்காலியப் போட்டு உக்கார வச்சு காதுல சொல்லச் சொல்லு."

ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்தார். ஒரு கட்டுக் கீரையை இழுத்துத் தானும் ஆயத் தொடங்கினார். பாதி தண்டையும் சேர்த்துக் கிள்ளினார். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாந்தானக்கா உன்ன ஓரத்துல நில்லுன்னேன்."

உலகம்மாள் ஒரு தண்டைக் கிள்ளி எறிந்தாள்.

"அடுப்புல வெந்துட்டு வந்த ஒன்ன. அந்தாளு காப்பி குடிச்சிட்டுப் போயிட்டான்."

"இப்பமாவது காதுல விழுந்துச்சே." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நான் என்ன சொன்னேன், நீ என்னல விளங்கிக்கிட்ட? குண்டு குண்டுன்னு அத்தான்கிட்ட வேற போன் பண்ணிச் சொல்லியிருக்க. நான் கண்ணாடியே பாத்ததில்லையா? நான் குண்டுதான்ல. அது எனக்குத் தெரியாதா? அம்மா போனப்பொறவு நீ என்னைய நடுவீட்டுல வச்சிருக்கன்னு நெனச்சிட்டு இருந்தேன் பாரு, அதுதான் தெரியாமப் போச்சு."

"தப்புக்கா."

"தப்புதான்."

"நீ வரலைன்னா பிள்ளைக்குப் பேரே கிடையாது. நான் வடிவுகிட்ட சொல்லிட்டேன். 'ஏ பிள்ள'ன்னே கூப்பிட்டுக்கிடுதோம்."

"பள்ளிக்கூடத்துல சேக்கும்போது?"

"அப்பமும் 'ஏ பிள்ள'தான்."

"கல்யாணப் பத்திரிகையில?"

"திருவளர்ச்செல்வி ஏ பிள்ள."

உலகம்மாள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. உடம்பு முழுக்கக் குலுங்கச் சிரித்தாள். கீரை மடியிலிருந்து சிதறியது. சிரிப்பு முடிகிற இடத்தில் கண்ணும் நனைந்திருந்தது. அதை முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பொரியல் ஆகட்டும். சாப்பிட்டுட்டுப் போ."

*

ஆவணியில் பேர் வைத்தார்கள்.

உலகம்மாள் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கிடத்தி, காதில் பேரைச் சொன்னாள். தெருவுக்கே கேட்டது. காதில் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். "எம் மருமவளுக்கு நான் மெதுவாச் சொல்ல மாட்டேன்," என்றாள். முதலாளியும் வந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்து கேசரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அவருக்கு ஒரு குறையும் இல்லை.

படம் எடுக்கிற நேரம் வந்தது. கூட்டம் போன தடவையைவிட அதிகம். ஆவுடையப்பன் லென்ஸை முழுக்க விரித்தார். கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, தானே அடிக்கும்படி பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினார். எங்கும் இடமில்லை. கடைசியில் தூணை ஒட்டி நின்றுகொண்டார். அவர் மூச்சு வாங்குவதற்குள் கேமரா அடித்துவிட்டது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தாள். தன்னைப் பார்த்தாள். மடியில் பிள்ளையைப் பார்த்தாள். வடிவைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நின்றாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேமராவைக் கிட்டத்தில் பிடித்தாள்.

"ஏல, இந்தத் தூண ஒட்டி ஒருத்தன் பெருத்துப்போய் நிக்கானே, யாருல இவன்?"

"பிள்ளைக்கு அப்பன்க்கா."